வியாழனன்று தெரிந்த புண், திங்களிரவு உண்டான புண்: இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியின் அழுத்தப் புண் குறித்த நிகழ்வு ஆய்வு

இது பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. எலும்பு முறிவு வார்டுகளில் சேர்ந்தே காணக் கிடைக்கும் கூறுகளை ஒரு நோயாளியின்மேல் வைத்து எழுதியிருக்கிறோம். தனியொருவரின் மருத்துவப் பதிவு அல்ல. கிழமையும் மணியும் விடாமல் குறித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அழுத்தப் புண் எனும் படுக்கைப் புண்ணைப் பொறுத்தவரை, அது எந்த மணிநேரத்தில் உண்டானது என்று பின்னோக்கிக் கணக்கிடத் தெரிந்தால்தான் அடுத்த நோயாளியைக் காக்க முடியும்.

நோயாளியும் முதல் 16 மணி நேரமும்

72 வயதுப் பெண். எடை 48 கிலோ. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருப்பவர். பாதங்களில் மரமரப்பு உண்டு. கைத்தடி இல்லாமல் நடமாடி, சொந்த வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டவர்.

திங்கள் மாலை 6 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பும்வரை, 7.30 மணி மட்டும், தரையில் மல்லாந்தே கிடந்தார். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, இடது தொடையெலும்பின் மேல்முனை முறிவு என்று உறுதி செய்து, கட்டை வைத்துக் கட்டினார்கள். அங்கே இரவு 11 மணிவரை ரெக்சின் போர்த்திய இரும்பு ஸ்டிரெச்சர். பிறகு இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸ். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அதிகாலை 1 மணியிலிருந்து வார்டில் கட்டில் கிடைத்த செவ்வாய் காலை 10 மணிவரை மீண்டும் டிராலி. விழுந்ததிலிருந்து கட்டில் கிடைக்கும்வரை மொத்தம் 16 மணி நேரம். அவ்வளவு நேரமும் மல்லாந்த நிலை, கடினமான பரப்பு, வியர்த்து நனைந்த புடவை. முறிந்த காலை அசைத்தால் உயிர் போகும் வலி என்பதால் அவரும் அசையவில்லை, மற்றவர்களும் அசைக்கவில்லை.

அவசரப் பிரிவின் பதிவில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை 380, ஹீமோகுளோபின் 8.2 எல்லாம் இருந்தன. முதுகுப்புறத் தோல் பற்றி ஒரு வரியும் இல்லை. முறிவு முன்பக்கம் தெரிகிறது, புண் பின்பக்கம் உண்டாகிறது. புரட்டிப் பார்க்காதவரை முதுகு யார் கண்ணிலும் படாது.

வார்டில் நடந்தவை

செவ்வாய் பிற்பகல், படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் மதிப்பிட்டார்கள். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் அமெரிக்காவில் உருவாக்கி 1987இல் வெளியிட்ட அளவுகோல் இது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலசைவு, ஊட்டம், உராய்வும் இழுப்பும் என ஆறு கூறுகள். முதல் ஐந்துக்கும் 1 முதல் 4 வரை, கடைசிக் கூறுக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 6 முதல் 23 வரை வரலாம். குறையக் குறைய ஆபத்து கூடும். 18உம் அதற்குக் கீழும் எச்சரிக்கை. இவருக்கு உணர்வு 3, ஈரம் 3, நடமாட்டம் 1, அசைவு 2, ஊட்டம் 2, உராய்வு 1 என்று கூட்டி 12 வந்தது. 10 முதல் 12 வரை அதிக ஆபத்து. மதிப்பீட்டில் தவறில்லை.

தவறு அதன் பிறகு தொடங்கியது. படிவத்தில் "2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவும்" என்று எழுதினார்கள். அதே சமயம் இடது காலுக்கு, பட்டை கட்டிக் காலை நேராக இழுத்து வைக்கும் தோல்வழி டிராக்‌ஷன் போட்டு எடை தொங்கவிட்டார்கள். டிராக்‌ஷனில் கிடப்பவரை எப்படித் திருப்புவது என்று யாரும் சொல்லவில்லை. அட்டெண்டராக இருந்த மருமகளுக்குக் "காலை அசைக்காதீங்க" என்ற ஒரு சொல் மட்டுமே கிடைத்தது. திருப்பல் அட்டவணையில் செவ்வாய் பிற்பகல் முதல் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. எந்தப் பக்கம் என்ற பத்தி முழுவதும் காலி.

புதன்கிழமை காற்று மெத்தை வந்தது. அதன்மேல் ரெக்சின் விரிப்பு, நான்காக மடித்த பருத்தி விரிப்பு, அதற்கும் மேல் சிறுநீர்த் தாள். பம்பின் எடைத் திருகு உச்சத்தில் இருந்ததால் மெத்தை பலகைபோல் விறைத்து நின்றது. குதிகால்களுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிக் கட்டிய கையுறைகளை வைத்தார்கள்.

வியாழன் காலை 7 மணிக்கு விரிப்பு மாற்றும்போது மருமகள்தான் முதலில் பார்த்தார். புட்டப் பிளவுக்குச் சற்று மேலே, திருவெலும்பின் மீது, 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் கருநீலத் திட்டு. தோல் கிழியவில்லை. தொட்டால் சுற்றுப்புறத்தைவிடச் சூடு, உள்ளே கஞ்சிபோல் தளர்வு. பணியிலிருந்தவர் "சிராய்ப்பு" என்று எழுதி, பவுடர் போடச் சொன்னார்.

சர்க்கரையைக் குறைத்து, இரத்தம் ஏற்றி, எக்கோ பார்த்து, வெள்ளியன்று முதுகுத்தண்டு மயக்க மருந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மணி நேரம் மேசையில் மல்லாந்து கிடந்தார். இடையில் இரத்த அழுத்தம் இறங்கியது. திட்டு இருந்த அதே இடம் மறுபடியும் நசுங்கியது. சனிக்கிழமை அங்கே இரத்தக் கொப்புளம். அடுத்த புதனுக்குள் 6 செ.மீ.க்கு 5 செ.மீ. கரும் பொருக்கு, ஓரங்களில் கசிவு, நாற்றம். மறுநாள் காய்ச்சல். டிராக்‌ஷன் கட்டைப் பிரித்தபோது இடது குதிகாலின் பின்புறத்தில் 2.5 செ.மீ. உலர்ந்த கருந்திட்டு ஒன்றும் இருந்தது.

இது எந்த வகைப் புண்?

அமெரிக்காவின் தேசிய அழுத்தப் புண் ஆலோசனைக் குழு 2016இல் திருத்திய வகைப்பாடே இன்று பரவலாகப் பயன்படுகிறது. நிலை 1: தோல் கிழியாமல், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. நிலை 2: தோலின் ஒரு பகுதி போன ஆழமில்லாப் புண் அல்லது தெளிநீர்க் கொப்புளம். நிலை 3: முழுத் தோலும் போய்க் கொழுப்பு தெரிவது. நிலை 4: தசை, தசைநார், எலும்பு வரை. அடி தெரியாமல் பொருக்கோ அழுகல் திசுவோ மூடியிருந்தால் நிலை சொல்ல முடியாத புண். இவற்றோடு ஆழ்திசுக் காயம் என்று தனி வகை ஒன்று உண்டு: தோல் மூடியிருக்க, கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறி, அடியில் சதை ஏற்கெனவே செத்திருப்பது. இரத்தக் கொப்புளமும் இதில்தான் சேரும்.

வியாழனன்று கண்டது ஆழ்திசுக் காயம். அதைச் சிராய்ப்பு என்று எழுதியதால் இழந்தவை பல. சிராய்ப்பு வெளியிலிருந்து உள்ளே போவது, ஆழ்திசுக் காயம் எலும்பை ஒட்டிய சதையில் தொடங்கி வெளியே வருவது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும்போது மிக அதிக விசையைத் தாங்குவது எலும்பை ஒட்டிய தசை. தோலைவிட அது சீக்கிரம் சாகும். உருச்சிதைவால் உயிரணுக்கள் நேரடியாகச் சேதமடைவது முதல் சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சாவது அதற்குப் பின். ஆனால் தோலில் நிறம் மாறித் தெரியப் பொதுவாக 48 முதல் 72 மணி நேரம் ஆகும்.

இங்கேதான் மணிக்கணக்கு உதவுகிறது. வியாழன் காலை 7 மணியிலிருந்து 48 மணி நேரம் பின்னால் போனால் செவ்வாய் காலை 7 மணி. 72 மணி நேரம் போனால் திங்கள் காலை 7 மணி. விழுந்த நேரம், இரும்பு ஸ்டிரெச்சர், ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு டிராலியில் கிடந்ததன் பெரும்பகுதி எல்லாம் இந்த இடைவெளிக்குள் வருகின்றன. வார்டுக் கட்டில் வரவில்லை. வார்டின் குறைகள் காயத்தைப் பெரிதாக்கின, அவற்றுக்கு விலக்கில்லை. ஆனால் காயத்துக்கான விதை வார்டுக்கு வரும் முன்பே விழுந்துவிட்டது. மருத்துவமனைகளில் புண் வந்தால் அன்றைய பணிச் செவிலியரிடம் விளக்கம் கேட்பது வழக்கம். அது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. 60 மணி நேரத்துக்கு முன் அந்த நோயாளி எந்தப் பரப்பில் கிடந்தார் என்பதே முதல் கேள்வி.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். நிலை 1இன் சிவப்பு கருத்த தோலில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். புறங்கையால் தொட்டுச் சூடோ குளிர்ச்சியோ பாருங்கள். விரலால் அழுத்தி, சுற்றுத் தோலைவிடக் கெட்டியா, தளர்வா என்று பாருங்கள். வலி உண்டா என்று கேளுங்கள். நிறம் மாறிய பிறகே புண் என்று எழுதினால் அந்த நோயாளிக்கு முதல் நிலை என்பதே பதிவில் இருக்காது.

ஆபத்துக் காரணிகள்: மதிப்பெண் சொன்னதும் சொல்லாததும்

பிரேடன் 12 சொன்னது சரி. ஆனால் சர்க்கரை நோய், இரத்தசோகை, இரத்த அழுத்த வீழ்ச்சி, காய்ச்சல், காலின் இரத்தக் குழாய் அடைப்பு ஆகியவை அந்த ஆறு கூறுகளில் இல்லை. இவருக்கு அவற்றில் பலவும் இருந்தன. அதனால் கூட்டுத்தொகையைப் பார்த்து நிற்காமல், எந்தக் கூறில் 1 அல்லது 2 விழுந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் எழுதுவதே அளவுகோலைப் பயன்படுத்தும் முறை. உராய்வுக்கு 1 என்றால், இழுக்காமல் தூக்கி நகர்த்த உடலுக்கு அடியில் விரிக்கும் டிரா ஷீட்டும் இரண்டு ஆளும். ஊட்டத்துக்கு 2 என்றால் உணவியல் நிபுணர். "அதிக ஆபத்து" என்று எழுதிக் கோப்பில் வைப்பதால் எதுவும் தடுக்கப்படுவதில்லை.

அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்ற கணக்கு இன்றும் மெத்தை விளம்பரங்களில் வருகிறது. அது 1930இல் லாண்டிஸ் என்பவர் நக ஓரத்து நுண்குழாய்களில் அளந்த சராசரி. இரத்தசோகையும் சர்க்கரையும் உள்ள 72 வயதுக்காரரின் திருவெலும்புச் சதைக்கு அதை எல்லையாக வைப்பது தவறு. எவ்வளவு அழுத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்தே காயத்தை முடிவு செய்கிறது: குறைந்த அழுத்தம் நெடுநேரம் இருந்தாலும் கெடுதி, மிகுந்த அழுத்தம் சிறிது நேரம் இருந்தாலும் கெடுதி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும் கணக்கும் அப்படியே. 2013இல் வெளியான டர்ன் ஆய்வு, அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் 2, 3, 4 மணி இடைவெளிகளை ஒப்பிட்டது. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் அனைவரும் அடர்த்தி மிகுந்த நுரை மெத்தையில் படுத்தவர்கள். தென்னை நார் மெத்தையிலும் டிராலியிலும் கிடப்பவருக்கு 4 மணி நேரம் என்று அந்த ஆய்வைக் காட்டி முடிவெடுக்கக் கூடாது. மெத்தை எது, தோல் எப்படித் தாங்குகிறது என்பதைப் பார்த்து இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும்.

இடுப்பு முறிந்தவரைத் திருப்புவது எப்படி

இந்த நிகழ்வில் மிகப் பெரிய இடைவெளி இதுதான். திருப்பக் கூடாது என்ற அச்சமே அவரை அசையாமல் கிடத்தியது. அறுவைக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாகத் தோல்வழி டிராக்‌ஷன் போடுவதால் வலி குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. தேவையா என்று அறுவை மருத்துவரிடம் கேட்பது முதல் படி.

வலியைக் குறைக்காமல் திருப்ப முயல வேண்டாம். மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் திருப்புங்கள். இடுப்பின் முன்புறத்தில் மரத்துப்போகும் ஊசி போட வசதி இருந்தால் அதுவே சிறந்தது. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மூன்று பேர்: ஒருவர் முறிந்த காலை நேராகத் தாங்க, இருவர் தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் அசையும்படி டிரா ஷீட்டால் நல்ல பக்கத்துக்குச் சாய்க்க வேண்டும். 90 பாகைக்குப் புரட்டத் தேவையில்லை. புரட்டினால் இடுப்பின் பக்க முட்டில் புதிய புண் வரும். 20 முதல் 30 பாகைச் சாய்வு போதும், முதுகுக்கு அடியில் தலையணை கொடுத்து நிறுத்தலாம். சாய்த்தபின் திருவெலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு மெத்தையில் படாமல் இருந்தால்தான் அது திருப்பல். கட்டிலுக்கு மேலே பிடிகம்பி இருந்தால், நல்ல காலை ஊன்றிச் சில விநாடிகள் இடுப்பைத் தூக்கச் சொல்லலாம். "அம்மா, மூச்சை இழுத்துக் கம்பியைப் பிடிங்க, கொஞ்சம் தூக்குங்க, போதும்" என்று சொல்லிச் செய்ய மருமகளுக்குக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

பதிவில் டிக் வேண்டாம். "வலச் சாய்வு, 2.10" என்று நிலையையும் நேரத்தையும் எழுதுங்கள்.

குதிகாலுக்குத் தண்ணீர்க் கையுறை பயனில்லை; சிறு பரப்பில் அழுத்தத்தைக் குவிக்கும், நழுவும். கெண்டைக்கால் முழு நீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகால் காற்றில் மிதக்க வேண்டும், முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள வளையம் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. அடியில் நொந்திருக்கும் திசு அதனால் மேலும் கிழியும்.

காற்று மெத்தைக்கு மேல் ஒரே ஒரு தளர்ந்த விரிப்பு. பம்பில் நோயாளியின் எடையை வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, திருவெலும்புக்கு நேராக மெத்தையின் அடியில் கையை நுழைத்து, உடலுக்கும் கைக்கும் இடையே குறைந்தது 2.5 செ.மீ. காற்று இருக்கிறதா என்று தினமும் சோதியுங்கள். மின்சாரம் போனால் மெத்தை சப்பையாகி இரும்புக் கட்டிலே மிஞ்சும். அந்த நேரத்தில் திருப்பல் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

தலைமாட்டை உயர்த்தும்போது உடல் கீழே சரிகிறது. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு நழுவ, நடுவிலுள்ள குழாய்கள் இழுபட்டு நெரிகின்றன. முதலில் முழங்கால் பகுதியை உயர்த்தி, பிறகு தலைமாட்டை உயர்த்துங்கள். 30 பாகைக்குள் வைப்பது நல்லது. மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்குப் புரையேறும் ஆபத்து இருப்பதால் 30க்குக் கீழே இறக்கவும் முடியாது. அவருக்குத் திருவெலும்பை அடிக்கடி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிகிச்சை

பொருக்கின் ஓரம் இளகி, நாற்றமும் காய்ச்சலும் வந்ததால் காத்திருக்க இடமில்லை. இரத்த உறைவைத் தடுக்கப் போட்டுவந்த ஊசியின் அன்றைய வேளையை நிறுத்தி, அறுவை அறையில் இறந்த திசுவை வெட்டி அகற்றினார்கள். அடியில் கொழுப்பு மட்டுமே தெரிந்தது. ஆய்வுகோல் எலும்பில் படவில்லை. 6 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. ஆழம். தலைப்பக்கத்தை 12 மணி என்று கொண்டால் 10 முதல் 2 மணிவரை ஓரத்தின் அடியில் 2 செ.மீ. குடைவு. நிலை 3 என்று இப்போதுதான் சொல்ல முடிந்தது.

மேற்பரப்பில் ஒற்றியெடுத்த பஞ்சில் மூன்று கிருமிகள் வளர்ந்தன. எல்லாத் திறந்த புண்ணிலும் கிருமி வளரும். அதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெட்டியெடுத்த ஆழ்திசுவின் பரிசோதனை முடிவும் காய்ச்சலும்தான் அடிப்படை. 7 நாளில் காய்ச்சல் நின்று சிவப்பு அடங்கியதும் மருந்தை நிறுத்தினார்கள்.

கழுவச் சாதாரண சலைன்: 30 மில்லி சிரிஞ்சும் 18 அல்லது 19 எண் ஊசியும் கொடுக்கும் பாய்ச்சல் அழுக்கை நீக்கப் போதும், புதுத் திசுவைக் கெடுக்காது. ஹைட்ரஜன் பெராக்சைடும் யூசால் என்ற குளோரின் கரைசலும் வளரும் உயிரணுக்களையும் கொல்பவை; சிவந்து வளரும் புண்ணில் அவற்றுக்கு வேலை இல்லை. இரண்டு வாரம், புண்ணைக் காற்றுப் புகாமல் மூடிக் கசிவை உறிஞ்சும் வேக் டிரெஸ்ஸிங், 125 மி.மீ. பாதரச உறிஞ்சழுத்தத்தில், 48 முதல் 72 மணிக்கு ஒருமுறை மாற்றம். ஆசனவாய்ப் பக்கத்து ஓரம்தான் எப்போதும் பிரிந்து காற்றுக் கசியும். அங்கே தோலை உலர்த்தி, பசைப் பட்டையைத் துண்டு துண்டாக ஒட்டினால் நிற்கும். பிறகு குழியில் கசிவை உறிஞ்சும் ஆல்ஜினேட், மேலே நுரை டிரெஸ்ஸிங்.

நுண்ணுயிர்க்கொல்லியால் வயிற்றுப்போக்கு வந்தபோது புட்டத்தில் பரவலாகச் சிவந்தது. அது அழுத்தப் புண் அல்ல. எலும்பின் மேல் இல்லாமல் மடிப்புகளில் பரவியிருந்தது, ஓரம் தெளிவற்று இருந்தது. மலத்தின் ஈரத்தால் வந்த தோல் அழற்சி. மூடிய டயப்பரைக் கழற்றி, திறந்த தாளும் துத்தநாகக் களிம்பும் வைத்ததில் ஆறியது.

குதிகாலின் உலர்ந்த பொருக்கைத் தொடவில்லை. சிவப்பு, கசிவு, தளர்ச்சி எதுவும் இல்லாத குதிகால் பொருக்கு இயற்கையான மூடி. இரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரை நோயாளியிடம் அதைப் பெயர்த்தால் ஆறாத புண்ணே மிஞ்சும். பாத நாடியைச் சோதித்து, மிதக்கவிட்டு, தினமும் பார்த்தார்கள்.

உணவில் கணக்கு வேண்டும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, புரதம் 1.25 முதல் 1.5 கிராம் என்பது சர்வதேச வழிகாட்டுதல். 48 கிலோவுக்கு 1440 முதல் 1680 கலோரி, 60 முதல் 72 கிராம் புரதம். அவர் சாப்பிட்டு வந்தது கஞ்சி, இட்லி, ரசம் சோறு. பாதிப் புரதம்கூடத் தேறாது. முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம் சொச்சம். இரண்டு முட்டை, மூன்று வேளை பால் அல்லது தயிர், கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன் என்று அடுக்கிச் சேர்த்தார்கள். முதலில் சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்த பிறகே புரதத்தைக் கூட்டினார்கள். இரத்தப் புரதமான அல்புமின் 2.4 இருந்ததை ஊட்டக்குறையின் அளவாக எடுக்கவில்லை. கிருமித் தொற்றிலும் அது இறங்கும். எடையும் தட்டில் மிஞ்சுவதும் நம்பகமானவை.

முடிவு

நான்காவது வாரம் வீடு திரும்பும்போது புண் 4.5 செ.மீ.க்கு 4 செ.மீ., ஆழம் 1.5 செ.மீ. எட்டாவது வாரம் 2 செ.மீ.க்கு 1.5 செ.மீ. சுருங்கி வந்ததால், பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் சதை மடிப்பு அறுவை தேவைப்படவில்லை. 15ஆவது வாரம் மூடியது. ஆறும் புண்ணை நிலை 2, நிலை 1 என்று இறக்கி எழுதக் கூடாது. "ஆறிவரும் நிலை 3" என்றே எழுத வேண்டும். இழந்த தசையும் கொழுப்பும் திரும்புவதில்லை, அந்த இடம் தழும்பால் நிரம்புகிறது. தழும்பின் வலிமை பழைய தோலின் 80 விழுக்காட்டைத் தாண்டாது. குதிகால் பொருக்கு நான்காம் மாதம் தானே உதிர்ந்தது.

முறிவு ஆறியும் நடக்கத் தொடங்கத் தாமதமானது புண்ணால்தான்: உட்கார முடியாதவரை நடக்கப் பழக்க முடியவில்லை. நாற்காலியில் மெத்தை வைத்து, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் உட்கார வைத்தே பயிற்சியைத் தொடர்ந்தார்கள்.

இதே நோயாளி மறுபடி வந்தால் மாற வேண்டியவை பெரும்பாலும் அவசரப் பிரிவில் இருக்கின்றன. இடுப்பு முறிவுக்காரருக்கு என்று அடர்நுரை மெத்தை போட்ட ஒரு டிராலியை ஒதுக்கலாம். வந்தவுடன் எக்ஸ்ரே பலகைக்கு மாற்றும் அந்தச் சாய்வின்போதே திருவெலும்பையும் இரு குதிகால்களையும் பார்த்து எழுதலாம். தனியாகப் புரட்ட வேண்டியதில்லை. எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார், வழியில் எந்தப் பரப்பில் படுத்து வந்தார் என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்கைப் படிவத்தில் அச்சிடலாம். அந்த நேரம் கூடுதலாக இருந்தால், தோல் அப்போது நன்றாகத் தெரிந்தாலும், மூன்றாம் நாள்வரை ஒவ்வொரு வேளைப் பணி மாற்றத்தின்போதும் இரண்டு செவிலியர் சேர்ந்து முதுகைப் பார்க்க வேண்டும். அறுவை அறைக்கு அனுப்பும் தாளிலும் திட்டு இருந்தால் அளவோடு எழுதி அனுப்ப வேண்டும், மேசையில் அந்த இடத்துக்கு நுரையோ ஜெல் மெத்தையோ போட அங்கிருப்பவர்களுக்கு அதுதான் ஒரே தகவல்.